அபினுக்கு வந்த நாற்காலி

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே நன்றாகக் கால் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்கு வருவார்கள். சாமியார் கழுவப்போகிற காலை எதற்கப்பா முன்கூட்டிக் கழுவுகிறாய் என்று கேட்டால் கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பார்கள், நகம் வெட்டுவார்கள், குதிகால் வெடிப்பில் எண்ணெய் வைப்பார்கள். அழுக்குக் காலை ஊர் முன்னால் நீட்ட யாருக்கு மனசு வரும்?

அந்த வியாழன் மத்தியானம் சேசடிமை வீடு தேடிப் போய் நின்றபோது, பன்னிரண்டு பேரில் ஒருவனான அபின் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குத்தவைத்து, பெருவிரல் இடுக்கைக்கூட விடாமல் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும், பேசாமல் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று சேசடிமைக்குத் தோன்றியது.

திரும்ப முடியாது. அனுப்பியவர் பங்குச் சாமியார். அன்பியம் என்கிற தெருக்குழுவுக்கு ஒருத்தர் என்று குலுக்கிப் போட்டதில், கடற்கரை அன்பியத்துக்கு அபின் பெயர் வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும், புருஷனைக் கடலில் பறிகொடுத்த லீமா நேரே சாமியாரிடம் போய், என் மாப்பிள்ளையைக் கடலில் தொலைத்தவன் அப்போஸ்தலன் வரிசையில் உட்கார்ந்தால் நான் கோயிலை விட்டு இறங்கிவிடுவேன், பிறகு படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாமியார் ஊருக்குப் புதிது. பெரிய வியாழனன்று கோயிலுக்குள் சண்டை வந்துவிடுமோ என்று பயந்துபோனார். அன்பியத் தலைவரும் லீமாவின் கூடப்பிறந்த அண்ணனும் சேசடிமைதானே? அவனைக் கூப்பிட்டு, பையனிடம் பக்குவமாகப் பேசி விட்டுக்கொடுக்கச் சொல்லும், அந்த நாற்காலியில் நீரே இரும் என்று சொல்லி அனுப்பினார்.

பாவம், சாமியாருக்கு என்ன தெரியும்? யாரை யாரிடம் அனுப்புகிறோம் என்று தெரிந்திருந்தால் அவர் நாக்கு எழும்பியிருக்காது.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. மீன் கூட்டமாகத் திரியும் மடையைக் கண்டவன் தான் நிற்கிற இடத்தை வயர்லெஸில் சரியாகச் சொல்ல மாட்டான். சொன்னால் அத்தனை வள்ளமும் அங்கே வந்து விழும். ஜி.பி.எஸ். நம்பரை மாற்றிச் சொல்வான். கேட்கிறவனும் பாதிக்குப் பாதிதான் நம்புவான். போன ஆடிக் காற்றுக்கு முன்னால் ஒருநாள் சேசடிமையின் வலை நெத்திலி மடை மேல் விழுந்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வடக்கே ஒரு பொய் நம்பர் சொன்னான். பிற்பகலில் லீமாவின் புருஷன் டெல்வின் கூப்பிட்டான். மச்சான், எஞ்சின் மக்கர் பண்ணுகிறது, உங்க பக்கம் வந்துவிடுகிறேன், சரியான நம்பரைச் சொல்லுங்க என்றான். மடையைத் தெரிந்துகொள்ள எல்லாரும் போடுகிற நாடகம்தான் அது என்று சேசடிமை நினைத்தான். மச்சானுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்ல வயர்லெஸில் வழியும் இல்லை, ஊரே கேட்கும். சேசடிமை அதே பொய் நம்பரைத் திரும்பவும் சொன்னான். டெல்வின் அவனை நம்பினான்.

டெல்வினோடு வள்ளத்தில் இருந்த அபின் அந்த நம்பரை ஜி.பி.எஸ்.ஸில் அடித்தான். செத்துக்கொண்டிருந்த எஞ்சினோடு இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு வள்ளமும் இல்லை. காற்று பிடித்தது, வள்ளம் கவிழ்ந்தது. அபினை ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி யாரோ கண்டு தூக்கினார்கள். டெல்வின் கரைக்கு வரவே இல்லை.

அதுவரைக்கும் நடந்ததைக் கடல்காரன் புத்தி என்று விட்டுவிடலாம். ஆனால் துறைமுகத்தில் ஊர் கூடி நின்று, நீ சொன்ன இடத்தில் நீ இல்லை என்று அபின் சொல்கிறானே என்று கேட்டபோது சேசடிமை என்ன சொன்னான் தெரியுமா? நான் அங்கேதான் நின்றேன், இவன் நம்பரை மாற்றி அடித்திருப்பான் என்றான். பக்கத்தில் லீமா மணலில் கிடந்து அலறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பயத்தில் வாயில் வந்த பேச்சு அது. டெல்வினின் ஜி.பி.எஸ்.ஸும் கடலோடு போயிற்று, எந்த நம்பரை அடித்தான் என்று பார்க்க வழியில்லை. அதன் பிறகு அபினை எந்த வள்ளத்திலும் ஏற்றவில்லை. கடற்கரையில் பிறந்தவன் மலைப்பக்கம் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறான்.

சேசடிமை விஷயத்தைச் சொல்லி முடித்தான். அபின் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தான்.

“நீங்க இரியுங்க அண்ணே. எனக்க பேரு வந்ததே தப்பு” என்றான். குழாயை மூடிவிட்டு, “எனக்கு சரியா அடிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா லீமா அக்கா இவ்வளவு உறப்பா சொல்லும்போ, விரலு மாறித்தான் போச்சோன்னு தோணுது. உறக்கத்துலயும் அந்த நம்பரத்தான் அடிக்கியேன்” என்றான்.

பொய் சொன்னவன் சேசடிமை; அதைத் தூக்கிச் சுமக்கிற அபினோ கடைசியில் அதை நம்பவே தொடங்கிவிட்டான். சேசடிமை குழாயடிச் சேற்றில் கால் புதைய அப்படியே நின்றான். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டு நேரே கோயிலுக்கு நடையைக் கட்டினான். பேடி!

முன்பே ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யாமலும் இல்லை அவன். ஊர்ச் சாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டு, கருங்கல் ஊர்ப்பக்கம் தன்னைத் தெரியாத ஒரு கோயிலுக்குப் போய் மண்டியிட்டான். முழுவதையும் கேட்ட வயசான சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். ஜெபங்களும் சொல்லச் சொன்னார். கடவுள் மன்னிச்சிட்டாருப்பா, ஆனா உன் பாரம் வேற ஒருத்தன் தலையில இருக்குல்ல, அதைப் போய் இறக்கி வை என்றார். ஜெபங்களைச் சேசடிமை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். பாரத்தை இறக்கத்தான் போகவில்லை. லீமா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா போன பிறகு அவன் தூக்கி வளர்த்த தங்கச்சி அவள்.

அன்று சாயங்காலப் பூசையில் பன்னிரண்டாவது நாற்காலி அவனுக்கு. பெண்கள் பக்கம் முன்வரிசையில் லீமா இருந்தாள். அண்ணன் தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று அவள் கண் சொல்லிற்று. அது அவனைக் கத்தியாகக் குத்தியது. சாமியார் தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் சாமியார் அவன் முன்னால் மண்டியிட்டு, காலைத் தாரும் என்றார். சேசடிமை குனிந்து பார்த்தான். எல்லாக் காலும் பளபளவென்று இருக்க, அவன் குதிகாலில் மட்டும் அபின் வீட்டுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“இந்த நாற்காலி எனக்குள்ளது இல்ல சாமி.”

என் காலைக் கழுவ வேண்டாம் என்று இயேசுவிடம் மறுத்த பேதுருவைப் போல நடித்துக் காட்டுகிறான் என்று நினைத்துப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சாமியாரின் கழுத்து மைக் இழுத்த அந்தப் பேச்சு கோபுர ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை முழுக்கப் போனது. அன்றைக்கு ஊர் கேட்குமே என்று பொய் சொன்னவன், இன்றைக்கு ஊர் கேட்க எழுந்து நின்றான்.

“லீமா, அபின் நம்பர மாத்தி அடிக்கல்ல. நான் சொன்னதத்தான் அடிச்சான். நான் சொன்னதுதான் பொய். மீனுக்கு வேண்டி சொன்னேன். பொறவு கரையில வந்து, உனக்க முகத்தப் பாத்துப் பேடிச்சு, பழிய அவன்மேல போட்டேன். நான் அங்க நிக்கவே இல்ல மக்கா.”

பாட்டுக்குழு பாடுவதை நிறுத்தியது. லீமா எழுந்து நேரே அவனை நோக்கி வந்தாள். அறையப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சேசடிமையும் அதற்குத்தான் கன்னத்தைக் கொடுத்துக் காத்திருந்தான். அறைந்தால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. அவளோ அவனைத் தாண்டி, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

யாரோ பாட்டைத் தொடங்கப் பார்த்தார்கள். சாமியார் கையைக் காட்டி அடக்கிவிட்டு மண்டியிட்டபடியே இருந்தார். நாற்காலி வெறுமனே கிடந்தது.

லீமா திரும்பி வந்தபோது அபினின் கையைப் பிடித்திருந்தாள். ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டுக் கைலியோடு பாதி வழி ஓடி வந்திருக்கிறான். அவ்வளவு தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கால், முழங்கால் வரைக்கும் கடற்கரை மண். அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். அவன் கூச்சத்தில் காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்தான்.

“மண்ணா இருக்கு அக்கா.”

“இருக்கட்டு” என்று லீமா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நான் உன்னப் பேசாத பேச்சில்ல. என்னப் பொறுத்துக்க மக்கா.” அபின் தலையை ஆட்டினான். சாமியார் தண்ணீரை ஊற்றினார். தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கலாய்ப் போயிற்று.

சேசடிமை மெதுவாகப் பின்வாசல் பக்கம் நகர்ந்தான். தூண் வரைக்கும் போயிருப்பான்.

“எங்க போறிய?”

திரும்பினான். லீமா உட்கார்ந்த இடத்தில் இருந்தே கேட்டாள்.

“பொறுத்தேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல்ல. எப்ப வரும்னும் தெரியாது. ஆனா அவரு தேடி வந்தப்ப நீங்க சொன்ன இடத்துல இல்ல. நான் தேடி வரும்போளாவது இருக்கணும். அங்கனயே நில்லுங்க.”

சேசடிமை தூணோரம் நின்றான். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்து போனார்கள். பொறுக்காத மனசோடு அதை வாங்கக் கூடாதென்று லீமா போகவில்லை. நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தாள். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.