துண்டுக்கு அடியில்

ஜன்னல் கம்பிகளின் நிழல் தாவீதின் வலது கைமேல் கோடு கோடாய் விழுந்தது. நிழல் நகர்ந்தது. கை நகரவில்லை.

தூத்துக்குடியில் ஆடிக்காற்று. உப்பு லாரியிலிருந்து அவன் விழுந்து ஒரு வருடம். நரம்பு அறுந்து, தோளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது.

மதுரையில் நரம்பைத் தைத்தார்கள். தொடைத் தசையில் ஒரு துணுக்கை எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, முன்கைக்குள் ஊசியால் இறக்கினார்கள். நாற்று நட்டதுபோல. இனி தினமும் பயிற்சி. தினமும் நோட்டில் குறிப்பு.

காலை ஆறரை. மடித்த துண்டின்மேல் கை. எதிரே மனைவி ஞானசீலி. "மடக்கு" என்று தன் விரலுக்கே கட்டளையிடுவான். அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. நூறு நாள் அசையவில்லை.

சோற்றைக் குறைத்தான். பேச்சை நிறுத்தினான். தட்டில் மிஞ்சிய சோற்றை ஞானசீலி தினமும் பார்த்தாள்.

நூற்றோராம் நாள், துண்டுக்கு அடியில் தன் விரலை நுழைத்து லேசாக நெம்பினாள். சுண்டுவிரல் அசைந்தது.

"ஏட்டி, பாத்தியா!"

தெருவுக்கே சொன்னான். கோயிலில் எல்லோருக்கும் அசனச் சோறு போடுவதாக நேர்ந்துகொண்டான். இரண்டு தட்டு சோறு தின்றான். அதைப் பார்த்த அவளுடைய பாவி மனசு, மறுநாளும் நெம்பச் சொன்னது.

நோட்டில் இருபது நாள் 'அசைந்தது'.

மதுரையில் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "நல்லது. அசைவு வந்தவங்களுக்கு ரெண்டாவது ஊசி போடுறதில்ல."

ஞானசீலி நோட்டின்மேல் கையை வைத்தாள். "அது அசையல டாக்டர். நான்தான் அசைச்சேன்."

திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தான். கார்த்திகை மழை. எட்டயபுரத்தில் டீ வேண்டுமா என்று கேட்டாள்.

மறுவாரம் இரண்டாவது ஊசி போட்டார்கள். அடுத்த காலை அவன் துண்டை எடுத்து எறிந்தான். வெறும் மேசையில் கையை வைத்தான்.

"ஒன் ரெண்டு கையையும் தலமேல வையி."

வைத்தாள். அதுமுதல் தினமும் அப்படித்தான். இழவு வீட்டில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவமானம்தான். ஆனால் செய்த காரியம் அப்படி.

மார்கழி போயிற்று. அசையவில்லை. தை போயிற்று. அசையவில்லை.

மாசியில் ஒரு காலை. மழையெல்லாம் ஓய்ந்து, வெயில் மேசைமேல் சுள்ளென்று கிடந்தது. "மடக்கு" என்றான். கட்டைவிரல் உள்நோக்கி இழுத்தது.

தாவீது விரலைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தான். இரண்டும் தலைமேல்தான் இருந்தன.

ஞானசீலிக்குக் கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைக்கவில்லை.

"போதும்ட்டி" என்றான். குரல் உடைந்திருந்தது. "கைய எறக்கு."

அவள் இறக்கவில்லை.

"இன்னொரு தடவ மடக்குங்க" என்றாள்.