நூற்றில் ஒன்று

பன்னிரண்டாவது தோட்டா வெடித்த சத்தம் சரியில்லை. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ‘டப்’ என்றது, அவ்வளவுதான். கையில் உதைப்பு இல்லை. எதிரே அட்டையில் புதிய ஓட்டை எதுவும் விழவில்லை. தாமதமாக வெடிக்கக்கூடும் என்று லைல் எங்ஸ்ட்ராம் ரிவால்வரை இலக்கிலிருந்து அகற்றாமல் முப்பதுவரை எண்ணினார். பிறகு உருளையைத் திறந்து தோட்டாக்களை உருவிவிட்டுக் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. குண்டு பாதிவழியில் சிக்கி நின்றிருந்தது. தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்தே இருந்திருக்காது, அடியில் இருக்கும் கேப்பு மட்டும் வெடித்து அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. துப்பாக்கி கிளப் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஒன்பதேகால் காட்டியது.

பக்கத்து மேடையில் நின்றவர் காதுமூடியைத் தூக்கி, “என்னாச்சு லைல்?” என்றார்.

“ஒண்ணுமில்ல. கேப்பு ஈரமாயிருக்கும்போல” என்று சொல்லிவிட்டார். சொந்தமாகத் தோட்டா செய்யத் தொடங்கிய இருபத்திரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

அவர் மரமில்லில் ரம்பப் பற்களைத் தீட்டுகிறவர். மயிரிழைக்கும் கீழே அளந்து பழகிய கை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, கேப்பு மாற்றி, மருந்து அளந்து போட்டு, ஈயக்குண்டை அழுத்திப் பொருத்துவது பலருக்குக் காசு மிச்சம் பிடிக்கும் வழி. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை மாதிரி. ஐம்பது கூடுகளைப் பலகையில் நிறுத்தி மருந்து போட்டதும், டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிந்தால்தான் குண்டை வைப்பார். அவர் போடும் மருந்து கூட்டில் கால்வாசிகூட நிரம்பாது. அதனால் தவறிப்போய் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. ஆனால் அந்தத் தோட்டாவைச் சுட்டால் உருளை பிளந்து பறக்கும். சுடுகிறவர் விரலோடு போனால் அதிர்ஷ்டம்.

வண்டியை ஓட்டிக்கொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமையை யோசித்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால். பலகையில் பாதிவரை மருந்து போட்டிருந்தபோது முன்னாள் மனைவி ஜனெல் கூப்பிட்டாள். விவாகரத்து ஆகி மூன்று வருடத்தில் அவளாகக் கூப்பிட்டது நான்கோ ஐந்தோ தடவைதான். அவளுடைய இப்போதைய கணவன் கிரேடி புதிதாக ரிவால்வர் வாங்கியிருக்கிறான், கடையில் தோட்டா கிடைக்கவில்லை, ஒரு பெட்டி கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கொடுக்கிறேன் என்றதும் பழைய மாதிரி சிரித்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்து எந்தக் கூட்டிலிருந்து தொடங்கினார் என்று நினைவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாரா என்பதும் நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நினைவிருந்தது. அன்று நூறு தோட்டா செய்தார். ஐம்பது அவருக்கு, ஐம்பது கிரேடிக்கு.

ஒரு கூட்டுக்கு மருந்து விழவில்லை என்றால், அதற்குரியது இன்னொன்றில் விழுந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கராஜ் கதவைக்கூட மூடாமல் தன் பெட்டியில் மீதியிருந்த முப்பத்தெட்டையும் பிரிக்க உட்கார்ந்தார். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. தலைப்பகுதிக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் ஓங்கித் தட்டினால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். தட்டி, மருந்தைத் தராசில் கொட்டி, எண்ணைப் பார்த்து, அடுத்தது. தட்டி, கொட்டி, அடுத்தது. இடையில் இரண்டு தடவை போனை எடுத்தார். கிரேடியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தார். ‘என்ன விஞ்ஞானி, கணக்கு தப்பிடுச்சா?’ என்று அவன் கேட்பது இப்போதே காதில் விழுந்தது. முதலில் இங்கே இருக்கிறதா என்று பார்ப்போம், இங்கேயே அகப்பட்டால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அது நியாயமாகவும் பட்டது. ஆனால் இருபதாவதைத் தட்டும்போது, கிரேடியின் கையில் துப்பாக்கி பிளப்பது ஒரு கணம் கண்முன் வந்தது. அந்தக் கணத்தை உடனே விரட்டவில்லை. அது அவருக்கே தெரிந்தது.

விவாகரத்து ஆன வருடம், ஊர்க் குடிக்கடையில் பத்துப் பேர் கேட்க, “கிரேடி செத்தா எல்லாருக்கும் ஒரு ரவுண்டு என் கணக்கு” என்று சொல்லியிருந்தார். அந்தப் பத்துப் பேரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கை தவறிவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் லைல் எங்ஸ்ட்ராமுக்குக் கை தவறியது என்றால்?

முப்பத்தெட்டும் சரியாக இருந்தது. மணி பத்தேகால். இனி இருக்கிறதென்றால் கிரேடிக்குக் கொடுத்த பெட்டியில்தான்.

ஜனெல் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போன் செய்தார். அவள் வருவதற்குள் விளம்பரப் பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது.

“லைல், சீக்கிரம் சொல்லு. கவுன்டர்ல ஆறு பேர் நிக்கிறாங்க.”

“நான் குடுத்த தோட்டாவ கிரேடி சுட்டுட்டானா?”

“இன்னும் இல்ல. இன்னிக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்காரு, பழைய ஜல்லிக்குழிக்கு. டெஸ்ஸுக்குச் சொல்லிக்குடுக்கிறாரு.”

“யாருக்கு?”

“உன் பொண்ணுக்குத்தான். அடுத்த மாசம் பில்லிங்ஸ்ல தனியா வீடு எடுக்கிறா இல்ல? அந்த ரிவால்வரே அவளுக்காக வாங்கினதுதான்.” பிறகு குரலை இறக்கி, “உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல. லைல்? ஏன் பேசமாட்டேங்கிற?”

“அவங்களுக்குப் போன் போடு. சுட வேணாம்னு சொல்லு. போட்டுக்கிட்டே இரு.”

“அந்தக் குழியில ஏது சிக்னல்? என்ன லைல்? என்ன ஆச்சு?”

சுத்தியலையும் தராசையும் வண்டியின் முன் சீட்டில் எறிந்துவிட்டுக் கிளம்பினார். ஆற்றுப் பாலம் தாண்டி மலைச்சரிவில் மண்சாலை ஏறியது. எவ்வளவு வேகமாகப் போனாலும் அரைமணி நேரம். எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தபோது ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில், டெஸ்ஸின் கை எந்தக் கை என்று யோசித்தார். வலது. கால்நடை மருத்துவமனையில் பூனைகளுக்கு ஊசி போடும் கை. கண்ணாடியை ஏற்றிவிட்டார், காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க. பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று இறக்கினார்.

கடைசி வளைவுக்கு முன்னாலேயே கேட்டது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. ஒவ்வொன்றும் வழக்கமான சத்தம்தானா என்று காது அளந்தது. வளைவு திரும்பியதும் ஹாரனில் முழு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். ஜல்லிக்குன்றின் எதிரே டெஸ் இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து நின்றிருந்தாள். காதுமூடி போட்டிருந்ததால் திரும்பவில்லை. பின்னால் நின்ற கிரேடிதான் வண்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டான். அவள் துப்பாக்கியைக் கீழே தாழ்த்தினாள். விரலை விசையிலிருந்து வெளியே எடுத்து நேராக நீட்டிவைத்திருந்தாள். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று லைலுக்குத் தோன்றியது. அது எரிச்சலாகவும் இருந்தது.

“என்ன விஞ்ஞானி, நம்ம பாடத்துக்குப் பரிட்சை வைக்க வந்தீங்களா?” என்றான் கிரேடி.

“சுடாதீங்க. துப்பாக்கியைத் திற. எல்லாத்தையும் வெளிய எடு.”

“உங்க சரக்கு அருமையா போகுதுப்பா. இதோ பாருங்க, பாதிப் பெட்டிக்கு மேல காலி.”

“கிரேடி, திறன்னு சொல்றேன்!”

அவர் குரல் உடைந்ததைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. டெஸ் உருளையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். நாலு தோட்டா. பெட்டியில் பதினேழு. இருபத்தொன்பது சுட்டாகிவிட்டது.

லைல் வண்டியின் பின்பலகையை இறக்கித் தராசை வைத்தார். பேச வேண்டியதைத் தராசைப் பார்த்தே பேசினார். ஒரு தோட்டா காலியாக இருந்தது, இன்னொன்றில் இரண்டு மடங்கு இருக்கலாம், என் தப்பு. கிரேடி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். “இருக்கலாம்னா, இல்லாமலும் இருக்கலாம்?”

“இல்லாமலும் இருக்கலாம்.”

உருளையிலிருந்த நாலையும் முதலில் பிரித்தார். நாலும் சரி. பிறகு பெட்டியில் இடதுபக்க வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக டெஸ் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றாவதைத் தட்டிக் கொட்டியபோது தராசைப் பார்க்கவே தேவைப்படவில்லை. சாம்பல் நிறச் சின்னக் குவியல் மற்றவற்றைவிட இரட்டிப்பாக நின்றது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அடுத்து உருளையில போடுற ஆறுல இருந்திருக்கும். வரிசையாத்தான் எடுத்துப் போட்டேன்” என்றாள் டெஸ்.

கிரேடி தன் வலதுகையை விரித்துப் பார்த்தான். மூடினான். “நல்லவேளை வந்தீங்க” என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசி லைல் கேட்டதில்லை. அது கிண்டலைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

“எப்பப்பா தெரிஞ்சது?” என்றாள் டெஸ்.

அரைமணி முன்னால் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஜனெல்கூடப் பத்தேகாலுக்குத்தான் போன் வந்தது என்று சொல்வாள். லைல் சுத்தியலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

“ஒன்பதேகாலுக்கு.”

டெஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். “நாங்க வீட்டை விட்டுக் கிளம்பினதே பத்து மணிக்குப்பா. சமையலறையில உக்காந்து பான்கேக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். போன் மேசை மேலதான் இருந்துச்சு.”

“நீ இருப்பேன்னு எனக்குத் தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்குக் கேட்டது. டெஸ் திரும்பிக் கிரேடியைப் பார்த்தாள். கிரேடி குன்றைப் பார்த்தான், காகித அட்டையில் அவள் போட்ட ஓட்டைகளை எண்ணுகிறவன்போல.

“மிச்சத்தையும் பிரிச்சிரலாம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கலாமில்ல?” என்றான் அவன்.

லைல் அடுத்ததைச் செருகித் தட்டினார். சுத்தியல் ஒரு கல்லின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. மறுபடி தட்டினார். மறுபடி வழுக்கியது. கிரேடி கையை நீட்டினான். அவர் கொடுத்தார். அவன் தட்டிக் கொடுக்க, டெஸ் தராசில் கொட்டி எண்ணை வாய்விட்டுப் படித்தாள். பதினான்கு பாக்கி. பதின்மூன்று. லைல் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மேலே சாலையில் ஒரு பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. குழியருகே வேகம் குறைத்தது. ஓட்டி வந்தவர் யாரென்று தெரியவில்லை, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு வண்டியின் பின்னால் நெருங்கி நின்ற மூன்று பேரும், அந்த ஊர் வழக்கம்போல், ஒரே நேரத்தில் கையை உயர்த்தி அசைத்தார்கள்.