முப்பத்தேழு முறை அறுந்த கயிறு

இருட்டுப்புலி என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். பிறர் சூட்டட்டும் என்று சில காலம் காத்திருந்தான், யாரும் முன்வரவில்லை. திகில் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதும் இணைய இதழ் ஒன்றில், கறுப்புக் கண்ணாடி அணிந்த அவனுடைய படத்தின் கீழ் அந்தப் பெயர் வரும். ஒரு கேமைப் பற்றி 'பயமாக இல்லை' என்று அவன் எழுதிவிட்டால், அதைச் செய்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் கேமையும் பயமாக இருக்கிறது என்று அவன் எழுதியதே இல்லை. எழுதினால் புலியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் புலி, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிய அறையில், இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலைத் தரையில் வைத்தால் யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

கேமின் பெயர் 'கீழ்த்தளம் 2'. முதல் பாகத்தைப் போலவே இதையும் தனியாக ஆட முடியாது; இருவர் சேர்ந்து ஆட வேண்டும். பூமிக்கடியில் கைவிடப்பட்ட ஒரு நீரேற்று நிலையம். அதில் முகமே இல்லாத காவலாளி ஒருவன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு திரிகிறான். அவனிடம் சிக்காமல் இருவரும் வெளியேற வேண்டும். இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று, ஆடுபவர்கள் இருவரின் இடுப்பையும் பிணைக்கும் கயிறு. மற்றொன்று, மேலே இருப்பவர் கையில் ஒரு கத்தி. மேலே ஏறியவர் கீழே தொங்குபவரைத் தூக்கிவிட வேண்டும். தூக்குவதற்குள் காவலாளி வந்துவிட்டால் கயிற்றை அறுத்துவிட்டு ஓடலாம். தொங்குபவர் விழுந்து, அடிபட்டு, எல்லாப் படிகளையும் மறுபடி ஏறி வர வேண்டும்.

தொங்கிக்கொண்டிருந்தது அவனுடைய அக்கா.

அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. அந்த வாரம் மாலை ஷிப்ட். ஏழு மணிக்குப் போனால் போதும். முதல் பாகத்தில் அவனோடு ஆடிய நண்பன், இரண்டாம் பாகம் என்ற பேச்சை எடுத்ததுமே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு விலகிவிட்டதால், அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தான். அவள் அடுத்த அறையில் சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆடினாள். ஆட்டத்தில் அவளுடைய பெயர் 'கடைவாய்ப்பல்'.

"டேய், சாவிச் சத்தம் கேக்குது. அவசரப்படாம இழு" என்றாள் ஹெட்போனில்.

"இழுத்துட்டுதானே இருக்கேன்."

"பாதிக்கு மேல வந்துட்டேன். இன்னும் நாலே நாலு இழுப்பு..."

கயிறு அறுந்தது. நீண்ட அலறல், சுவரில் மோதும் சத்தம், பிறகு தண்ணீர். அலறியது கேம். அக்கா கொட்டாவி விட்டாள்.

"கை தவறி பட்டன்ல பட்டுடுச்சுக்கா."

"பரவால்ல. நேத்துலேர்ந்து தவறிட்டேதான் இருக்கு. வர்றேன், அங்கேயே நில்லு."

"சீக்கிரம் வா."

"ஏன், பயமா இருக்கா?"

"யாருக்கு? எனக்கா? நேரமாகுதுன்னு சொன்னேன்."

நேரம் ஆகிக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு முன்னால் யாரும் விமர்சனத்தை வெளியிடக்கூடாது என்று கேமைச் செய்தவர்கள் கட்டளை போட்டிருந்தார்கள். ஆறு அடித்ததும் எல்லா இதழ்களும் ஒரே நேரத்தில் பாயும். இவனுக்கு எழுதும் வேலை பாக்கியில்லை. ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தபோதே, முந்தைய நாள் மதியம், எழுதி அனுப்பியாயிற்று.

'இரண்டாம் பாகம் எனக்கு ஒரு தாலாட்டு' என்று தொடங்கியது அது. 'பயம் என்ற சரக்கே இதில் இல்லை. அதிலும் அந்தக் கத்தி, வேண்டாத ஆறாம் விரல். கூட்டாளியைக் கைவிட்டு ஓடும் அளவுக்கு இந்தக் கேம் யாரைப் பயமுறுத்திவிடப் போகிறது? நான் அதைத் தொடவே இல்லை. பத்துக்கு ஐந்து.'

பாக்கியிருந்தது ஒரு படம்தான். சில மாதங்களுக்கு முன் அந்த இதழில் ஒருவர், ஒரு கேமின் இறுதிக் காட்சியை 'கண்ணீரை வரவழைக்கும் முடிவு' என்று பாராட்டி எழுதிவிட்டார். அந்தக் கேமுக்கு முடிவே கிடையாது. அன்றிலிருந்து ஆசிரியர் ஒரு விதி போட்டார்: ஆட்டம் முடிந்ததும் வரும் முடிவுத் திரையைப் படமெடுத்து அனுப்பினால்தான் விமர்சனம் ஏறும்.

ஐந்து மணிக்கு ஆசிரியரே போனில் வந்தார்.

"என்ன புலி, முடிச்சாச்சா?"

"கடைசிக் கட்டம் சார். தூக்கம் தூக்கமா வருது."

"அதானே! ஒரு விஷயம் சொல்லணும். எதிர் இதழ்க்காரன் முடிச்சுட்டானாம். முடிவுத் திரையில ஒரு பட்டியல் வருதாம். யாரு எத்தன தடவ கயித்த அறுத்தாங்கன்னு, பேரோட. அவனுக்குப் பதினொண்ணாம்! ஆள் தலையைத் தொங்கப் போட்டுட்டுத் திரியறான். நம்மளுது சைபர். அந்தப் படத்தையே முகப்புல பெருசா போட்டுடறேன்."

"தாராளமா போடுங்க சார்" என்றது புலி.

போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இதுவரைக்கும் எத்தன தடவ கை தவறியிருக்கும்?"

"முப்பத்தேழு."

"எண்ணிட்டா இருந்தே?"

"பழக்கம்டா. வாய்க்குள்ள எத்தன பஞ்சு வெச்சோமோ அத்தனையும் வெளிய வரணும்ல. எண்ணாம இருந்தா டாக்டர் என்னை வீட்ல நாள் எண்ண வெச்சிடுவாரு."

முதலிலிருந்து ஆட நேரமில்லை. இதுவரை ஆடியதே பதினாலு மணி நேரம். அவன் கேமின் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து மேலும் கீழும் தேடினான். எண்ணிக்கையை அழிக்க வழியில்லை. பெயரை மாற்ற வழி இருந்தது. பெயரை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எழுந்து அடுத்த அறைக்குப் போனான். இதை ஹெட்போனில் கேட்க அவனுக்கே வாய் வரவில்லை.

"அக்கா... பேரை மாத்திக்கலாமா? நீ இருட்டுப்புலி. நான் கடைவாய்ப்பல்."

"எதுக்கு?"

"சும்மா. தொழில்நுட்பரீதியா ஒரு சோதனை."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அந்த முப்பத்தேழு என் பேர்ல வரணும். அதானே?"

"உன் பேர் இல்லக்கா. கடைவாய்ப்பல் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "எடுத்துக்கோ. பேர்தானே? வாய்க்குள்ள விரலை விட்டா கடிச்சு வெக்கிற ஆளுங்ககிட்டயே பரவால்லன்னு சொல்றவ நான்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான். நியாயம் ஏதாவது ஒன்று அகப்பட்டிருக்கும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெயரை மாற்றித் தட்டிவிட்டு, "ம், போய் உக்காரு" என்றாள்.

கடைசிக் கட்டம் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. தொடங்கியதுமே அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரை மேலே நின்றவனைக் கேம் கீழே தள்ளிவிட்டிருந்தது. செங்குத்தான குழாய் ஒன்றின் நடுவில், இருட்டில், அவன் தொங்கிக்கொண்டிருந்தான். மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் விளிம்பில் அக்கா. கத்தி அவள் கையில்.

"அக்கா, இது சரியில்ல. இடம் மாத்திக்கலாமா?"

"கேம் மாத்த விடலடா. இங்க ஏதோ எழுதியிருக்கு. பன்னெண்டு தடவ இழுக்கணுமாம். சாவிச் சத்தம் நிக்கிறப்போ மட்டும்தான் இழுக்கணுமாம்."

"சத்தம் வந்தா?"

"அசையாம இருக்கணுமாம்."

ஒரு இழுப்பு. சாவிக்கொத்து குலுங்கியது. நின்றது. இரண்டாவது. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முந்தைய நாளிலிருந்து மேலே நின்றே ஆடியவனுக்கு, கீழே தொங்குபவரின் காதில் விழுவது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. மேலே நடப்பது சரியாகத் தெரியவில்லை. கயிறு முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. அது முறுகுகிறதா, அறுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

ஐந்து. ஆறு. சாவிச் சத்தம் இந்த முறை நீண்டது. அவனுடைய உள்ளங்கை வேர்த்து, பிடித்திருந்த கன்ட்ரோலர் வழுக்கியது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். வாயால மூச்சு விடாத. மூக்கால விடு."

ஏழு. எட்டு. வெளிச்ச வட்டத்தில் அக்காவின் நிழலுக்குப் பின்னால் இன்னொரு நிழல் எழுந்தது. உயரமாக. தலை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்தேழு முறை செய்தாயிற்று. அவனானால் இரண்டாவது இழுப்பிலேயே அறுத்திருப்பான்.

"அறுத்துடாதக்கா! அறுத்துடாத! அறுத்துடாத!"

"கத்தாதடா, காது வலிக்குது. இரு, குலுக்கிட்டு இருக்கான்."

"உனக்குப் பின்னாடி நிக்கிறான்!"

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு." அவள் குரலும் இப்போது மெலிந்துதான் இருந்தது. "எனக்கு மட்டும் என்ன நெஞ்சு இரும்பா? பேசாம இரு."

நிழல் குனிந்தது. சாவிகள் அவள் தோளை உரசின. அவள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். சத்தம் நின்றதும் கயிறு இழுபட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கண்ணைத் திறந்தபோது திரையில் வெயிலும் புல்லும் இருந்தன. அவனுடைய இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. அதை வியர்வை என்று அவன் தீர்மானித்துக்கொண்டான்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு முடிவுத் திரை வந்தது. 'இருட்டுப்புலி: அறுத்தது 0.' 'கடைவாய்ப்பல்: அறுத்தது 37.' ஒரு பிசிறு இல்லாமல் வந்திருந்தது. படமெடுத்து அனுப்பினான். எழுந்து போர்வையை அவிழ்த்தான். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது; ஆட்கள் நடந்துபோனார்கள். அக்கா அவன் அறைக்கு வந்து, அங்கிருந்த கண்ணாடி முன் நின்று சீருடையில் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அதை மேஜையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டான்.

"புலி!" ஆசிரியருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "யாருங்க அந்தக் கடைவாய்ப்பல்? முப்பத்தேழா! இப்படி ஒரு கோழைய எந்தச் சந்தையில புடிச்சீங்க? நம்ம வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க. தலைப்பையே மாத்திட்டேன். 'புலியும் ஒரு தொடைநடுங்கியும்'. அந்த ஆளைப் பத்தி நல்லா கிண்டலா நாலு வரி சேர்த்துக் குடுங்க. ஆறுக்குள்ள வேணும்."

அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "எழுதுடா" என்றாள் தாழ்ந்த குரலில். "நல்லா எழுது. சுமாரா இருந்தா எனக்கு இன்னும் கோவம் வரும்."

அவன் தட்டச்சுப் பலகையை இழுத்தான். 'எனக்குத் துணையாக வந்த அந்த வீரரைப் பற்றி' என்று தட்டினான். கிண்டல் அவனுக்குக் கைவந்த கலை. எவ்வளவோ பேரை எழுதிக் கிழித்திருக்கிறான். அடுத்த சொல் வரவில்லை. கண்ணாடிக்குள் அக்கா பெயர் அட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புலி, சத்தத்தையே காணோம்?"

"சார், அந்தக் கடைவாய்ப்பல் நான்தான்."

போனில் வெடித்த சிரிப்பு அறையெல்லாம் நிறைந்தது. "ஐயோ, பிரமாதம்! தன்னடக்கம்! இதையே முதல் வரியா போடுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்."

உண்மையை ஒரு தடவை சொல்வது கஷ்டம். சிரித்தவரிடம் அதை மறுபடி சொல்வது அதைவிடக் கஷ்டம். விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். தன்னடக்கம் என்று ஒரு பட்டமும் சேர்ந்திருக்கும்.

"சிரிக்காதீங்க சார். பேரை மாத்தி வெச்சுக்கிட்டோம். முப்பத்தேழு தடவையும் அறுத்தது நான். எங்கக்கா ஒரு தடவ கூட அறுக்கல. நான் பயந்துட்டேன் சார்."

போனில் சிரிப்பு நின்றது. பிறகு, "அப்போ அந்தத் தாலாட்டு?"

"பொய் சார்."

"பத்துக்கு அஞ்சு?"

"அதுவும்தான்."

"என்னய்யா இது, மணி அஞ்சு ஐம்பது!" ஆசிரியரின் குரலில் இருந்த 'புலி' இறங்கிப் போயிருந்தது. "பத்து நிமிஷத்துல வேற எழுதி அனுப்பினா போடறேன். இல்லேன்னா அந்தப் பக்கம் இன்னைக்குக் காலி. அடுத்த வாரத்திலேர்ந்து அதுல வேற ஆள் எழுதுவாரு." போனை வைத்துவிட்டார்.

அவன் எழுதியிருந்த வரியை அழித்தான். வெள்ளைத் திரை. விரல் ஓடவில்லை. அக்கா தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா முழிக்கிற? எழுது."

"பயமா இருக்குக்கா."

"அதையே எழுது."