பொய்க்கு நீளும் அறை

மூன்றாம் நம்பர் அறையில் நோயாளியிடம் பொய் சொன்னால் அறை நீளும். சின்னப் பொய்க்கு ஒரு முழம், பெரிய பொய்க்கு ஒரு கட்டில் நீளம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் அதே கட்டடம்தான். உள்ளே மட்டும் கட்டில் கதவைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகும். இனிக் குணமாகாது என்று மற்ற ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. குழாய் ஒழுகும், பார்த்துத் திறவுங்கள் என்று சொல்கிற மாதிரி இதையும் சேர்க்கும்போதே சொல்லிவிடுவார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இஸ்திரிக் கடைக்காரம்மாவைச் சேர்த்தபோது அவர் மகனிடமும் சொன்னார்கள். மகன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அந்த ரகம். நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பேசிப் பேசியே ஊரில் பாதிப் பேருக்கு பாலிசி விற்றவருக்கு, பெற்றவளிடம் அந்தப் பேச்சை எடுக்க நாக்கு எழவில்லை. வெறும் வயிற்றுப்புண் என்றார். பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் மருந்தை மாற்றுவார் என்றார். உண்மை தெரிந்தால் அம்மா பயத்திலேயே போய்விடுவார் என்று மனைவியையும் தங்கையையும் மிரட்டி வைத்தார். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னதில் அறை முதலில் பள்ளிக்கூட வராந்தா அளவுக்குப் போனது, பிறகு ரயில் பிளாட்பாரம் அளவுக்கு. மகன் தன் கண்ணில்தான் கோளாறு என்று மூக்குக்கண்ணாடியை மாற்றினார்.

சங்கடம் ஊசியில் வந்தது. வலிக்கான ஊசி நேரத்துக்குப் போயாக வேண்டும். நர்ஸ் நடந்து போய்ச் சேர்வதற்குள் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடப்பார். நர்ஸுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள், அதுவும் போதவில்லை. கதவருகே நின்ற மகனுக்குக் கட்டில் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. முனகல் மட்டும் பக்கத்திலேயே கேட்டது. சீக்கிரம் சரியாகிவிடும் அம்மா என்று பழக்கதோஷத்தில் கத்தினார். தீப்பெட்டி கடுகானது.

ஊசியோடு கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"சார், இன்னொரு தடவை ஆறுதல் சொன்னீங்கன்னா, இந்த ஊசிய என்னால கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது."

சைக்கிள் போய்விட்டது. மகன் பின்னாலேயே ஓடினார், மூச்சு வாங்கியதும் நடந்தார், மறுபடி ஓடினார். போய்ச் சேர்வதற்குள் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பகல் முழுக்க நடை. அவர் போனபோது ஊசி வேலை செய்து அம்மா கண் திறந்திருந்தார். மகன் உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னார்.

"அம்மா, இது வயித்துப்புண் இல்ல. நீ வீட்டுக்குத் திரும்பி வரப்போறதில்லம்மா."

அம்மா பயத்தில் போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து மகனுக்குக் கட்டிலில் இடம் விட்டார்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குடா. நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வந்தீங்களா, யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

பயப்பட ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்ததை மகன் விழுங்கினார். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றார். இருவரும் அழுதார்கள்.

உண்மையைச் சொன்னால் அறை சுருங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுருங்கவில்லை, நீண்டது நீண்டதுதான். தினம் போய்வர முடியாது என்று மகன் அங்கேயே படுக்கை விரித்தார். மனைவியும் தங்கையும் மூட்டைமுடிச்சோடு நடந்து வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் மருந்து அலமாரியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, தன் நாற்காலியையும் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஊசி ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை. அம்மா இறந்தபோது மகனுடைய கை அவர் நெற்றியில் இருந்தது. கதவுவரை தூக்கி வர நேரமாகும் என்று தெரிந்திருந்ததால், வெளியே காத்திருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.