பிணைப்பு உடையும் இடத்தில் ஒரு மின்னல்

விடைத்தாள்களில் பாதியைத் திருத்தியதும் வேதியியல் டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். நான்கு பேர் ஒரே தப்பை எழுதினால் காப்பி என்று திட்டிவிடலாம். வகுப்பே எழுதினால் யாரைத் திட்டுவது? 'பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது.' உண்மை நேர் எதிர். அணுக்களின் பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். புதுப் பிணைப்பு சேரும்போதுதான் வெளிவரும்.

எங்கே பிடித்தார்கள் என்று தேட வேண்டியதில்லை. எல்லாம் அவள் செய்த வீடியோதான். ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று, கம்ப்யூட்டரில் படம் போடும் தம்பியை மூன்று வாரம் பிழிந்தெடுத்திருந்தாள். அணு உருண்டைகள் பிரியும் இடத்தில் பளிச்சென்று ஒரு மின்னல்.

"உடையும்போது வெளிச்சம் வருமாக்கா?" என்று அவன் கேட்கத்தான் செய்தான்.

"வரட்டும்டா. அப்பத்தான் பசங்க தூங்காம இருப்பாங்க."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "உங்க வீடியோ இன்னிக்கு எண்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுது டீச்சர்."

சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் அத்தனை பெருமை. அவளுக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். "சரி சார்" என்றாள்.

கடைசித் தாள், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பே 'கேள்விக்குறி' என்று கூப்பிடும் பெண்ணுடையது. சரியான விடையை எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, கீழே தப்பை எழுதியிருந்தாள். இடைவேளையில் டீச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"முதல்ல எழுதினதை ஏம்மா அடிச்சே?"

"அதுதான் சரின்னு தோணுச்சு மிஸ். ஆனா படத்துல வேற மாதிரி இருந்துச்சே. நீங்க தப்பாவா காட்டுவீங்க?"

டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டாள். தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள்.

"அனுப்பாதீங்க சார். படத்துல தப்பிருக்கு. என் தப்புதான்."

"இப்பத்தானே அனுப்பினேன். காலையிலயே சொல்லியிருக்கலாமே."

எண்பது பள்ளிகளின் தொலைபேசி எண்களையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் எண்ணை அழுத்தினாள்.

"அந்த வீடியோ செஞ்ச டீச்சரா?" மறுமுனையில் குரல் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க. பசங்க இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்துட்டிருக்காங்க."