நூலின் மறுமுனை

“இந்த நூலோட மறுமுனை எங்க போகுதுன்னு எனக்குக் காட்டுங்க. பாத்துட்டு வந்துதான் முடிச்சுப் போடுவேன்.”

புதிதாகச் சேர்ந்த முடிச்சுக்காரி கேட்டே விட்டாள். சிகிச்சை அறையில் கட்டிலில் கிடந்த கல் வியாபாரியின் மூச்சு ஓட்டை விழுந்த துருத்தி போல இழுத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் நின்ற அவர் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். முடிச்சுப் பிரிவின் தலைவி ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். அதனால் வைத்திய மாளிகை முழுக்க அவள் ஊசியக்கா. சொன்னது அவள்தான்: “லீவு கேளு. ஜன்னலோரம் இடம் கேளு. என்னைப் பிடிக்கலைன்னா வேற பிரிவுகூடக் கேளு. நூல் எங்க போகுதுன்னு மட்டும் கேக்காதே. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல.” வீட்டில் அம்மா இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள்: “மேல போனா வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

அந்த வாய் எந்த நாளும் மூடியதில்லை என்பது வேறு விஷயம்.

இளைய வைத்தியர் வழக்கம்போல் இடது கையை நீட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். முடிச்சுப் போடும்போது அவர் பார்ப்பதில்லை. அவருடைய அப்பா, பெரிய வைத்தியரும் பார்த்ததில்லையாம். சவரத்துக்குக் கன்னத்தைக் காட்டுவது போல மணிக்கட்டைக் காட்டுவார்கள்; யாரோ கட்டுவார்கள்; யாரோ அவிழ்ப்பார்கள். இப்போது அவர் முகத்தை இவர்கள் பக்கம் திருப்பினார்.

“என்ன சொல்றா?” என்று ஊசியக்காவிடம்தான் கேட்டார்.

“புதுசுங்க ஐயா. வெயில்ல வந்திருக்கா.”

“வெயில் இல்லக்கா. நேத்தே கேக்கணும்னு இருந்தேன்” என்றாள் அவள்.

அந்த மாளிகையில் வித்தைக்கு ஒரு தளம் என்று ஒதுக்கியிருந்தார்கள். சொல் வித்தைக்காரர்கள் காயத்தின் மேல் குனிந்து மந்திரம் சொல்லி ரத்தத்தை நிறுத்துவார்கள். மாலைக்குள் அவர்கள் தொண்டை புண்ணாகி, சாப்பாட்டுக்கூடத்தில் சைகையால் தண்ணீர் கேட்பார்கள். மூலிகைச் சாறு இறக்கி நோயாளியைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்கு உள்ளங்கை தோல் பாளம் பாளமாக உரியும். முடிச்சுக்காரிகளுக்கு விரல் கணு வீங்கும். எந்த வித்தையும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கொடுக்கும். அதற்குப் பெயர் ஈடு. ஆவிகளோடு பேரம் பேசுகிற வித்தை ஒன்றும் உண்டு. ஈடு மிதமிஞ்சிப் போகிறது என்று அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள்.

இதிலெல்லாம் சேராதது பிறவி வித்தை. இளைய வைத்தியரின் குடும்பத்துக்கு மட்டும் வாய்த்தது. படிக்க வேண்டாம், பரீட்சை வேண்டாம். கையை வைத்தால் நோய் போய்விடும். பிறவி வித்தைக்கு ஈடு கிடையாது என்று பாடப் புத்தகமே சொன்னது. கல்லூரியில் இவள் எழுந்து நின்று, “அப்போ அந்த நோய் எங்க போகுது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரும் படிச்சதில்ல, அதான் இப்படிக் கேக்குற” என்று ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார்.

பிறவி வித்தைக்காரர் கைவைக்கும் முன்பு அவர் மணிக்கட்டில் செம்பு இழை ஓடும் நூலைக் கட்ட வேண்டும். காப்பு நூல் என்பார்கள். அதன் மறுமுனை சுவரில் உள்ள பீங்கான் வளையத்துக்குள் நுழைந்து காணாமல் போகும். இவள் வேலை முடிச்சுப் போடுவது. அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு நகைத் தொழிலாளிக்கு மரத்துப்போன விரல்களை இளைய வைத்தியர் சரிசெய்தார். அன்று வீட்டில் அம்மா கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்தாள். தோல் வெந்தது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தாள். வயசாச்சுடி என்றாள். முந்தாநாள் ஒரு சிறுமிக்குக் காது திறந்தது. நேற்று அம்மாவை இடது பக்கமிருந்து எத்தனை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அம்மா இதே மாளிகையின் நிலவறையில், சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்று கட்டிலில் கிடப்பவருக்கு நுரையீரல். இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

“நோயாளி எவ்வளவு நேரம் தாங்குவார்?” இளைய வைத்தியர் கேட்டார்.

“சாயங்காலம் வரைக்கும் சாறு தாங்கும்” என்றாள் ஊசியக்கா.

“அப்ப இவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. பாத்துட்டு வந்து கட்டட்டும்.” கோபமே இல்லை அவரிடம். குழந்தைக்குப் பொம்மை எடுத்துக் கொடுக்கச் சொல்வது போல இருந்தது. அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

படி இறங்கும்போது ஊசியக்கா முன்னால் போனாள். “உனக்கு மூளை இருக்கா?”

“இருக்கு. அதனாலதான் கேட்டேன்.”

“நானும் ஒரு காலத்துல கேக்கலாம்னு நெனச்சேன். நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு இருந்தேன். தலைவி ஆக்கிட்டாங்க.” சலவைக் கூடத்தின் வாசலிலேயே நின்றுகொண்டாள். “நான் உள்ள வரல. நீ போ.”

உள்ளே நீராவி முகத்தில் அறைந்தது. தொட்டிகளைத் தாண்டி, துணி காயப்போடும் செம்புக் கம்பிகள் சுவரிலிருந்து சுவருக்கு ஓடின. முதல் கம்பி மற்றவற்றைப் போல ஆணியில் சுற்றியிருக்கவில்லை. கூரையோரத்துத் துளையிலிருந்து, அதே போன்ற பீங்கான் வளையம் வழியாக, இறங்கி வந்திருந்தது. மேலே மணி அடித்ததும் முதல் கம்பிக்காரி ஈரப் போர்வையைக் கம்பியோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமணி அடிக்கும்வரை விடக்கூடாது. துணி சுருங்காமல் இருக்க என்று சொல்லியிருந்தார்கள். முதல் கம்பியில் அம்மா நின்றாள்.

“பட்டதாரி வந்திருக்கா, வழி விடுங்கடி” என்றாள் தொட்டியடியில் நின்ற ஒருத்தி. “கசக்கிப் பாக்க வந்தியா, இல்ல எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தியா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. இவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றாள்.

“அம்மா, கம்பியை விடு.”

“நீ எதுக்கு இங்க வந்தே? மேல யாரு இருக்கா?”

“கம்பியை விடும்மா. மேல நுரையீரல் நோயாளி.”

அம்மா கம்பியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அதுக்கு என்ன என்று கேட்கவில்லை. நுரையீரலுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்காததில்தான் எல்லாம் இருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“கத்தாதே. ஒரு காது நல்லாத்தான் கேக்குது.”

“எப்ப இருந்து தெரியும்?”

“நீ காலேஜ்ல சேந்ததுல இருந்து.” அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். “வேற எப்படி உனக்கு இடம் கிடைச்சதுன்னு நெனச்சே?”

“என் மார்க்குக்குக் கிடைச்சது.”

“உனக்கு முன்னாடியும் இங்க வேலை செஞ்சவங்க பிள்ளைங்க மார்க் வாங்குச்சுங்க. அதுங்களுக்கு இடம் கிடைச்சுதா? பெரிய வைத்தியர் கூப்பிட்டாரு. முதல் கம்பியில நிக்கிறியா, உன் மகளுக்கு இடம் தர்றோம்னாரு. நின்னேன்.”

பேர வித்தை சட்டப்படி குற்றம். அதைப் பற்றி இவள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அந்தப் பரீட்சையே ஒரு பேரத்தில் வந்தது என்று நினைத்தபோது, படித்த ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பக் கக்கிவிடலாம் போல இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்பே. அப்புறம் நீயும் இங்கதான் நின்னிருப்பே, ரெண்டாவது கம்பியில.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “என்ன ஆயிடப் போகுது? மூச்சு வாங்கும். படி ஏற முடியாது. நம்ம வீட்டுக்கு ஏது படி? போ. போய் முடிச்சைப் போடு. வேலையைக் கெடுத்துக்காதே.”

“அந்த ஆளுக்கு மூச்சே இல்லம்மா. உன்கிட்ட இருந்து எவ்வளவு எடுக்கும்னு தெரியுமா? மொத்தமும் எடுக்கும்.”

அம்மாவின் கட்டைவிரல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த விரலுக்கு எதுவும் தெரியாது என்பது இருவருக்குமே தெரியும்.

“விட்டுடு. என்கூட இப்பவே வா.”

“நான் விட்டா இவ பிடிக்கணும்.” பக்கத்தில் நின்ற இளம்பெண்ணை அம்மா கண்ணால் காட்டினாள். “இவளுக்குக் கைக்குழந்தை. நீயே சொல்லு, விடவா?”

அந்தப் பெண் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கம்பி காலியாக இருக்காது. அம்மா போனால் இன்னொருத்தி, அவள் போனால் அடுத்தவள். கீழே நின்று எதையும் அவிழ்க்க முடியாது. மேலே போய்த்தான் கட்ட வேண்டும்.

“என்ன முழிக்கிற?” என்றாள் அம்மா. “என்ன பண்ணப் போறே?”

“முடிச்சுப் போடப் போறேன். நீதானே சொன்னே.”

படியில் ஊசியக்கா அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். அவள் நிற்காமல் ஏறினாள். சிகிச்சை அறையில் கல் வியாபாரியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மனைவி ஓடி வந்து, “கட்டும்மா, சீக்கிரம் கட்டும்மா” என்று தோளைத் தொட்டாள்.

“கட்றேன்” என்றாள் அவள்.

இளைய வைத்தியர் தலையசைத்தார். பார்த்துவிட்டாயா, திருப்திதானே என்கிற தலையசைப்பு. மணிக்கட்டை நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

சுவரிலிருந்து வந்த நூலை அவள் இழுத்துப் பற்களால் கடித்து அறுத்தாள். வளையத்துக்குள் தொங்கிய மிச்சம் சரசரவென்று உள்ளே இறங்கிப் போனது. கையில் இருந்த துண்டை அவர் மணிக்கட்டில் சுற்றி, அதன் நுனியை அதே சுற்றுக்குள் கொடுத்து, மடக்கி இறுக்கினாள். மடக்கு முடிச்சு. கல்லூரியில் முதல் வருஷம் சொல்லித்தருவார்கள். எடுத்த நோய் வெளியே போகாமல் கட்டிக்கொண்டவரிடமே தங்கும். போட்ட கைதான் அவிழ்க்க முடியும். வேறு யாராவது அறுத்தால் அன்று முழுக்க அந்த ஆளுக்கு வித்தை எழும்பாது. படித்தவர்களுக்கு இது பால பாடம். படிக்கவே தேவையில்லாதவருக்கு அது ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

ஊசியக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். மணியின் கயிற்றுக்குப் போன கை பாதியிலேயே நின்றது.

இளைய வைத்தியர் வலது கையை நோயாளியின் மார்புக்கு மேல் கொண்டுபோனார்.

“ஒரு நிமிஷம்” என்றாள் அவள். “சொல்லாம கட்டிட்டுப் போனா நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன். அது மடக்கு முடிச்சு. இப்ப நீங்க எடுக்கிற நோய் கீழ போகாது. உங்க நெஞ்சுலயே உக்காரும்.”

கை அந்தரத்தில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

“அவிழ்.”

“மாட்டேன்.”

“யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? நாங்க கொடுத்த இடத்துல படிச்சவ நீ.”

“தெரியும். கீழ போய்க் கேட்டுட்டுத்தான் வர்றேன், என்ன குடுத்து வாங்குனதுன்னு.”

“இந்த ஆள் செத்தா உன் தலையில.”

“நீங்க கையை வெச்சா சாக மாட்டாரு.” “ஒருத்தரே மொத்தமும் தாங்கணும்னு இல்ல. பங்கு போடலாம். ஆளுக்குக் கொஞ்சம் மூச்சு போனா மாடி ஏறும்போது ரெண்டு இடத்துல நிக்கணும், அவ்வளவுதான். யாரு வர்றீங்க? நோயாளி வீட்டு ஆளுங்க எத்தனை பேரு இருக்கீங்க, கூப்பிடுங்க. கட்டித் தர்றேன்.”

கல் வியாபாரியின் மனைவிதான் முதலில் அசைந்தாள். வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு, கையை நீட்டினாள். “எனக்கு எதுவும் புரியலம்மா. ஆனா எடுத்துக்கோ.”

அவள் தன் நூற்கண்டிலிருந்து இன்னொரு துண்டைக் கடித்து, அந்தக் கையைக் கட்டி, வைத்தியரின் முடிச்சோடு கோத்தாள். வைத்தியர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கத் தோன்றாமல் நின்றிருந்தார்.

“நீயும் கட்டிக்கோயேன்” என்றார் கடைசியில். சிறுபிள்ளை போல இருந்தது அந்தக் குரல். “பெரிசா பேசுறியே.”

“எங்க வீட்ல இருந்து ஏற்கெனவே குடுத்தாச்சு. விரலும், ஒரு காதும்.”

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க” என்று அவர் ஊசியக்காவிடம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் அக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஊசியக்கா வீங்கிய கணுக்களைத் தடவிக்கொண்டே, “நான் என்னங்க ஐயா சொல்றது, போட்டவதான் அவிழ்க்கணும்” என்றாள். குரலில் எந்தப் பக்கமும் இல்லை.

கல் வியாபாரிக்கு மூச்சு இழுத்தது. மனைவி வைத்தியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை இன்னும் மார்புக்கு மேல்தான் இருந்தது, இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

அவள் இடுப்பில் சொருகியிருந்த நூற்கண்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாளைக்கு வேறு முடிச்சுக்காரியைத் தேடுவார்கள். அம்மா வீட்டில் ஒரு பாட்டம் திட்டுவாள், அழுவாள், பேசாமல் இருப்பாள். மூச்சு வாங்காமல் திட்டட்டும்.

“கையை வைங்க, இல்ல வைக்காம போங்க” என்றாள். “இனிமே அது உங்க பாடு.”

பதிலுக்கு நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.