கசப்புத் தண்ணீர்

பொன்னம்மாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம் வந்தது. யுத்தத்தில் ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தான். காய்ச்சல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பழைய நாலு மணிக்கே வந்து என் பெண்சாதியைக் கட்டிலோடு உலுக்கியது. மூன்று முறை தாங்கிவிட்டாள். இன்னொன்றைத் தாங்கினாலும் ஐந்தாவதைத் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருந்த ஷம்சுதீன் பாயிடம் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை இருந்தது. இரண்டு காத்தி எடை உப்பு கொண்டுவந்தால் எட்டு மாத்திரை என்றார். அப்போது உப்புக்கு ஊரே அலைந்தது.

பக்கத்து வீட்டு ருக்மணியைப் பொன்னம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளேபாங் கடற்கரைக்குப் போனேன். தகர டின்னில் கடல் தண்ணீரை ஊற்றி, வற்ற வற்ற மறுபடி ஊற்றி, இரண்டு நாள் காய்ச்சினேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் குச்சியை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு அடியில் தங்கிய பிறகு மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டிவிட வேண்டும் என்று பக்கத்தில் காய்ச்சிய மலாய்க்காரர் சொன்னார். நான் கொட்டினால் அவர் எடுத்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். அதோடு, அதுவும் எடைதானே? அதையும் சேர்த்து வற்றவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சேருவதற்குள் உப்புச் சாக்கு நனைந்து என் முதுகில் ஒழுகியது. பாய் தன் டாச்சிங் தராசில் மாட்டினார். இரண்டு காத்திக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது.

“அண்ணே, இது உப்பா, துவைச்ச வேட்டியா?” என்றார். ஒரு கை அள்ளிப் பிழிந்தார். சொட்டியது. இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து உப்பைக் கொட்டி வறுத்தார். ஆவி எழுந்தது. ஆறவைத்து மறுபடி மாட்டினார். ஒன்றரைக் காத்தி.

“மீதி அரைக் காத்தி எங்க பாய்?”

“மேல போயிருச்சு. பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ஆவிக்கு எடை உண்டென்று ஒப்புக்கொள்ள அன்றைக்கு நான் தயாராக இல்லை. டாச்சிங்கைப் பிடுங்கி நானே மாட்டினேன். அதே ஒன்றரை.

பாய் ஒரு உப்புக் கல்லை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

“கசக்குது. கசப்புத் தண்ணிய வடிக்கலையா நீங்க? அதான் இப்படி ஈரத்தை இழுக்குது. இந்தச் சரக்குக்கு ஆறு வராது, அஞ்சு மாத்திரைதான்.”

“உம்ம மாத்திரை மட்டும் மாவு உருண்டை இல்லைன்னு யாரு கண்டா?”

“நக்கிப் பாருங்களேன். கொய்னா கசக்கும்.”

நக்கினேன். கசந்தது. ஆனால் இரண்டு நாளாக என் வாயே கசந்து கிடந்தது. தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துவிட்டு மறுபடி நக்கினேன். கசப்பு மாத்திரையிலா, என் நாக்கிலா? கண்டுபிடிக்க முடியவில்லை.

“இன்னும் எத்தனை தடவை நக்குவீங்க? கரைஞ்சிரும் அண்ணே.”

ஐந்தை வாங்கிக்கொண்டு காஜா பெராங்கிலிருந்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். நாலாவது முறை நான் கடற்கரையில் இருந்தபோதே வந்து போயிருந்தது. மறுநாள் நாலு மணிக்கு ஐந்தாவது. மாவாக இருந்தால் வேறு இடம் தேட ஒரு நாள்தான் இருந்தது.

பொன்னம்மாவின் உதட்டில் மாத்திரையைத் தேய்த்தேன். “கசக்குதா?”

“எனக்குப் பச்சைத் தண்ணியே கசக்குது” என்றாள்.

அடுப்படியில் நின்ற ருக்மணியிடம் நீட்டினேன். “நாக்க நீட்டு தங்கச்சி.”

“எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே நக்கினாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினாள். “நாசமாப் போக! மனுசன் வாயில வைக்கிற சாமானா இது?”

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. உடனே ஒன்றைப் பொன்னம்மாவின் வாயில் போட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு போய்விட்டது. கசப்பாய் இருந்தால் மட்டும் கொய்னாவாகிவிடுமா, வேப்பம்பட்டையும் கசக்குமே என்று அப்புறம்தான் தோன்றியது. உட்கார முடியவில்லை. கட்டிலைச் சுற்றி நடந்தேன்.

பழைய நேரம் மூன்றரைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாலு ஆயிற்று. வெளியே நிழல் நீண்டது. ஐந்துக்கும் அந்தக் கை ஆடவில்லை.

“விடுங்க, வலிக்குது. கஞ்சி குடிக்கணும்” என்றாள் பொன்னம்மா.

“இரு, இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்” என்று நான் விடவில்லை.